கிம், லீ, காந்தி: ஒரே பெயர் என்றால் ஒரே குடும்பமா?

இந்திரா காந்தி மகாத்மா காந்தியின் மகள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் நிறையப் பேர். நம் ஊரிலும் அவர் மகாத்மாவின் மருமகள் என்றும், ஃபெரோஸை மகாத்மா தத்தெடுத்துக்கொண்டார் என்றும் ஏதாவது ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. எதுவும் உண்மை இல்லை. இந்திரா நேருவின் மகள். 1942இல் ஃபெரோஸ் காந்தியை மணந்தார். ஃபெரோஸ் பம்பாயில் பிறந்த பார்சி. மகாத்மா போர்பந்தரில் பிறந்த குஜராத்தி, வணிகர் சமூகம். இரண்டு குடும்பங்களுக்கும் ரத்த உறவு கிடையாது.

இதே மாதிரி, வட கொரியாவை ஆளும் கிம் குடும்பத்துக்கும் தென் கொரியாவின் கிம்களுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் உண்டு. "இந்தப் பெயரில் எத்தனை மேதைகள் பாருங்கள்" என்று பட்டியல் போட்டுப் பெருமைப்படுவதும் இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான். பட்டியலில் இருப்பவர்களுக்குள் பெயரைத் தவிர வேறு எதுவும் பொதுவாக இருக்காது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். குடும்பப் பெயர் என்றால், ஒரு வீட்டில் பிறக்கும் எல்லாருக்கும் பொதுவாக, தலைமுறை தலைமுறையாக மாறாமல் தொடரும் பெயர். தமிழர்களில் பெரும்பாலோருக்கு அது இல்லை, இன்ஷியல்தான். அதனால் பெயர்கள் எப்படிப் பரவுகின்றன என்பது நமக்குக் கொஞ்சம் புதிய விஷயம்.

## முருகன் ஸ்டோர்ஸுக்கு எத்தனை முதலாளி?

தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு முருகன் ஸ்டோர்ஸ் இருக்கும். திருச்சிக் கடைக்காரரும் திண்டுக்கல் கடைக்காரரும் அண்ணன் தம்பி என்று யாரும் நினைப்பதில்லை. அவரவர் சாமியை அவரவர் பெயர்ப்பலகையில் வைத்தார்கள், அவ்வளவுதான். இதுவே ஒரு முதலாளி பத்து ஊரில் கிளை திறந்திருந்தால் கதை வேறு. பெயரும் ஒன்று, வேரும் ஒன்று. மூன்றாவது ரகம் ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாக நிற்கிற ஆம்பூர் பிரியாணிக் கடைக்காரர்கள் எல்லாருமா ஆம்பூரிலிருந்து வந்தவர்கள்? அந்தப் பெயருக்கு மவுசு இருக்கிறது, எடுத்துக்கொண்டார்கள்.

குடும்பப் பெயர்கள் பரவியதும் இந்த மூன்று வழியில்தான். பல இடங்களில் தனித்தனியாகப் பிறந்தவை, ஒரே வேரிலிருந்து கிளைத்தவை, மவுசுக்காகவோ பயத்தாலோ எடுத்துக்கொண்டவை. இரண்டு பிரபலங்களுக்கு ஒரே பெயர் இருந்தால், எந்த வழியில் வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

## கொல்லர் இல்லாத ஊர் ஏது?

ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஸ்மித் என்ற பெயரைத் தடுக்கி விழாமல் நடக்க முடியாது. அமெரிக்காவில் மட்டும் 2010 கணக்கெடுப்பில் 24 லட்சம் ஸ்மித்கள். ஸ்மித் என்றால் கொல்லர். இடைக்கால இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் நாலைந்து ஜான்கள் இருந்தால், வரி வசூலிக்க வந்தவருக்கு எந்த ஜான் என்று தெரிய வேண்டும். உலைக்களம் வைத்திருந்தவர் "கொல்லர் ஜான்" ஆனார். காலப்போக்கில் மகன் உலையை விட்டு வேறு தொழிலுக்குப் போனாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

லாடமும் கலப்பையும் தேவைப்படாத கிராமம் இல்லை. அதனால் நூற்றுக்கணக்கான ஊர்களில், ஒருவருக்கொருவர் தெரியாமலேயே, ஸ்மித்கள் உருவானார்கள். பொருளாதாரத்தின் தந்தை ஆடம் ஸ்மித் ஸ்காட்லாந்தின் கிர்க்கால்டியில் பிறந்தவர். மோர்மன் மதத்தைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் அமெரிக்கர். 1815இல் இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்ட வில்லியம் ஸ்மித், நடிகர் வில் ஸ்மித், கிரிக்கெட்டில் ஆஸ்திரேலிய ஸ்டீவ், தென்னாப்பிரிக்க கிரேம்... இவர்களை ஒரே குடும்ப மரத்தில் ஏற்ற நினைத்தால் மரம் முறிந்துவிடும்.

ஐரோப்பா முழுக்க இதே கதை. ஹங்கேரியில் கோவாச், ஸ்பெயினில் ஹெரேரா, இத்தாலியில் ஃபெராரி என எல்லாமே இரும்புத் தொழிலில் பிறந்த பெயர்கள். அரபு நாடுகளில் ஹத்தாத். கார் கம்பெனியைத் தொடங்கிய என்ஸோ ஃபெராரியும் பெயரளவில் ஒரு கொல்லர்தான்.

காந்தியும் இந்த ரகம். வாசனைப் பொருளோ மளிகையோ விற்றவர்களுக்கு குஜராத்தி பேசும் பகுதிகளில் வழங்கிய பெயர் அது. கடை வைத்தவர் இந்துவாகவும் இருந்தார், பார்சியாகவும் இருந்தார்.

இதை மரபணுவை வைத்துச் சோதித்துப் பார்க்கவும் முடிந்திருக்கிறது. ஒய் குரோமோசோம் என்பது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும், பெரிதாக மாறாமல் போகும் மரபுத் துண்டு. பிரிட்டனில் குடும்பப் பெயரும் பெரும்பாலும் அப்படித்தான் போகிறது. எனவே இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம். லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்மித் என்ற பெயருள்ள ஆண்களுக்குள் இருந்த ஒற்றுமை, தெருவில் போகிற யாரோ இருவருக்குள் இருப்பதைவிடக் குறிப்பிடும்படி அதிகம் இல்லை. அட்டன்பரோ போன்ற அரிய பெயரில் நிலைமை தலைகீழ். பெரும்பாலோர் ஒரே ஒய் வகை. இயற்கை ஆவணப்படங்களின் டேவிட் அட்டன்பரோவும் காந்தி படம் எடுத்த ரிச்சர்ட் அட்டன்பரோவும் எப்படியும் உடன்பிறந்தவர்கள்தான்.

இதுவரை பார்த்தது: பெயர் எந்த அளவுக்குச் சாதாரணமான காரணத்தில் பிறந்ததோ, அந்த அளவுக்கு அது உறவைக் காட்டாது.

## அப்பா பெயர் உறைந்துபோனபோது

வேல்ஸ் நாட்டில் பழைய வழக்கம் நம்முடையதைப் போன்றதே. மகன் தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரைச் சேர்த்துக்கொள்வார், பேரன் தன் அப்பா பெயரைச் சேர்த்துக்கொள்வார். இப்படி ஒவ்வொரு தலைமுறையும் மாறுவதைத் தந்தைவழிப் பெயர் என்பார்கள். இங்கிலாந்தின் ஆட்சிக்குள் வந்து, பதிவேடுகள் ஆங்கில முறைக்கு மாறியதும், அந்த நேரத்தில் அப்பாவாக இருந்தவரின் பெயரே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. ஜான் என்ற அப்பாக்கள் எக்கச்சக்கம். எனவே ஜோன்ஸ்களும் எக்கச்சக்கம்.

இந்த உறைதல் ஒரு ராஜவம்சத்தின் பெயரையே மாற்றியிருக்கிறது. ஓவைன் என்ற வேல்ஸ்காரரின் அப்பா மாரெடுத், தாத்தா டுடுர். ஆங்கிலேயர்கள் பதிந்துகொண்டபோது அப்பா பெயருக்குப் பதில் தாத்தா பெயர் ஒட்டிக்கொண்டது. அவருடைய பேரன்தான் 1485இல் முடிசூடிய ஏழாம் ஹென்றி. அப்பா பெயர் ஒட்டியிருந்தால் நாம் எல்லாரும் டியூடர் வம்சத்துக்குப் பதிலாக மெரடித் வம்சம் என்று பரீட்சைக்குப் படித்திருப்போம்.

ஜோன்ஸ்களில் உண்மையான உறவும் உண்டு. வட்டத்தின் சுற்றளவு விகிதத்துக்கு 1706இல் 'பை' என்ற குறியைப் பயன்படுத்திய வில்லியம் ஜோன்ஸும், 1784இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவிய நீதிபதி வில்லியம் ஜோன்ஸும் அப்பாவும் பிள்ளையும். ஆனால் அதைப் பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது, வரலாற்றைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பாடகர் டாம் ஜோன்ஸின் இயற்பெயரோ தாமஸ் வுட்வர்ட்!

## ஐந்தில் ஒருவர் கிம்

தென் கொரியாவில் கிட்டத்தட்ட ஐந்து பேரில் ஒருவர் கிம்; 1 கோடிக்கு மேல். கிம், லீ, பார்க் மூன்றையும் சேர்த்தால் மக்கள்தொகையில் ஏறக்குறைய 45 சதவீதம். கிம் என்பது தொழிலிலோ அப்பா பெயரிலோ வந்ததில்லை. அது அரச குடும்பங்களின் பெயர். பழைய கொரியாவின் சில்லா நாட்டு மன்னர்களில் பலரும் கயா நாட்டு மன்னர்களும் கிம்கள். அவர்களே தனித்தனி வம்சங்கள். லீ, 1392 முதல் 1910 வரை ஆண்ட ஜோசன் வம்சத்தின் பெயர்.

அரச குடும்பம் எவ்வளவுதான் பெருகினாலும் நாட்டில் ஐந்தில் ஒருவராக ஆகிவிடுமா? ஆகாது. நடந்தது வேறு. பல நூற்றாண்டுகள் கொரியாவில் உயர்குடியினருக்கு மட்டுமே குடும்பப் பெயர் இருந்தது. அடிமைகளுக்கும் ஏழை எளியவர்களில் பெரும்பாலோருக்கும் கிடையாது. உயர்குடிக் குடும்பங்கள் ஜொக்போ என்ற வம்சாவளி நூலை வைத்திருந்தன. அதில் பெயர் இருந்தால் வரிச் சலுகை, படைச் சேவையிலிருந்து விலக்கு, சமூகத்தில் மதிப்பு. ஜோசன் ஆட்சியின் பிற்பகுதியில் கையில் காசு சேர்ந்த சாமானியர்கள், நொடித்துப்போன உயர்குடிகளிடமிருந்து அந்த நூலில் ஒரு இடத்தை விலைக்கு வாங்க ஆரம்பித்தார்கள். 1894 சீர்திருத்தத்தில் சாதிபோன்ற அந்தஸ்துப் பிரிவுகள் ஒழிக்கப்பட்டன. 1909இல் எல்லாரும் குடும்பப் பெயரோடு பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. புதிதாகப் பெயர் தேடுபவர் எதை எடுப்பார்? ஊரறிந்த பெரிய பெயரைத்தான்.

இத்தனை கிம்களையும் கொரியர்களே எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள்? அதற்கு பொன்க்வான் என்ற ஏற்பாடு இருக்கிறது. பொன்க்வான் என்றால் அந்தக் கிளையின் மூதாதையர் ஊர். கிம்ஹே கிம், கியோங்ஜு கிம், ஜோன்ஜு கிம் என்று ஊரைச் சேர்த்துச் சொன்னால்தான் குலம் தெரியும். நம் ஊரில் பங்காளிக்குள் பெண் எடுக்க மாட்டார்கள் இல்லையா, அதே போல ஒரே பெயரும் ஒரே பொன்க்வானும் கொண்டவர்கள் மணந்துகொள்ள அங்கே சட்டமே தடை போட்டிருந்தது. 1997இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. 2005இல் சட்டப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். லட்சக்கணக்கான கிம்ஹே கிம்கள் இருக்கும் நாட்டில், காதலித்தவரின் பொன்க்வானைக் கேட்ட பிறகு முகம் வாடிய ஜோடிகள் எத்தனை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை வைத்து அரசியலைப் பார்க்கலாம். தென் கொரியாவில் கிம் யங் சாம், கிம் டே ஜுங், கிம் ஜோங் பில் மூவரும் கோலோச்சிய காலத்தை "மூன்று கிம்கள் காலம்" என்றே சொல்வார்கள். முதல் இருவரும் அடுத்தடுத்து அதிபர்களாக இருந்தார்கள். யங் சாம் கிம்னியோங் கிம், டே ஜுங் கிம்ஹே கிம். 2000 ஜூனில் பியோங்யாங் விமான நிலையத்தில் டே ஜுங்கை வரவேற்றுக் கைகுலுக்கிய கிம் ஜோங் இல்லின் குடும்பம் ஜோன்ஜு கிம். அந்தப் படத்தைப் பார்த்த வெளிநாட்டுக்காரருக்கு இரண்டு கிம். கொரியருக்கு அது இரண்டு வேறு குலம்.

அந்த ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு டே ஜுங்குக்குக் கிடைத்தது.

## நுயெனுக்கு எதிராக நுயென்

வியட்நாமில் நுயென் இன்னும் அதிகம். பத்துப் பேரில் நான்கு பேர் வரை அந்தப் பெயர் என்று மதிப்பிடுகிறார்கள். இங்கே மவுசைவிட பயம் பெரிய காரணம். 1232இல் ட்ரான் வம்சம், தாங்கள் இறக்கிய லீ வம்சத்தாரைப் பெயர் மாற்றச் சொல்லி உத்தரவிட்டது. சொன்ன சாக்கு, அரசரின் தாத்தா பெயரில் லீ வருகிறது, அதை மற்றவர்கள் சொல்லக்கூடாது என்பது. அவர்கள் நுயென் ஆனார்கள். பிறகு 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாக் வம்சம் வீழ்ந்தபோது அவர்களிலும் பலர் உயிர் பிழைக்க நுயென் ஆனார்கள். கடைசியில் 1802 முதல் 1945 வரை நாட்டை ஆண்ட வம்சமே நுயென். அப்புறம் கேட்கவா வேண்டும்.

அந்த வம்சத்தை நிறுவிய நுயென் ஆன் யாரை வீழ்த்தி அரியணை ஏறினார் தெரியுமா? டே சன் சகோதரர்கள் உருவாக்கிய அரசை. அவர்களில் புகழ்பெற்றவர் நுயென் ஹுவே. அவருடைய முன்னோர் பெயர் ஹோ. இடையில் நுயென் ஆக மாறியவர்கள். ஆக, போரில் இரண்டு பக்கமும் நுயென், உறவு எதுவும் இல்லை.

வட வியட்நாம் தலைவர் ஹோ சி மின் பிறந்தபோது நுயென். தென் வியட்நாமில் அவருக்கு எதிராக நின்ற அதிபர் வான் தியூவும் நுயென். இன்னொரு பொறி: தளபதி வோ நுயென் ஜியாப்பின் பெயரில் நுயென் இருக்கிறது, ஆனால் அது நடுப்பெயர். அங்கே குடும்பப் பெயர் முதலில் வரும், அவர் வோ. இத்தனை நுயென்களை வைத்துக்கொண்டு அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றால், நம்மைப் போலவே சொந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். தளபதி ஜியாப், அதிபர் தியூ.

எடுத்துக்கொண்ட பெயர்களுக்கு அமெரிக்காவில் ஒரு அழுத்தமான உதாரணம் உண்டு. முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. இன்று அந்தப் பெயருள்ள அமெரிக்கர்களில் பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர். விடுதலை பெற்ற அடிமைகள் பலர் தங்களுக்குப் பெயர் தேடியபோது எடுத்துக்கொண்டது அது. கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன், பள்ளியில் பெயர் கேட்டபோது தானே அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டவர்.

நம் நாட்டின் சிங் என்ற பெயரையும் இங்கேயே சொல்லிவிடலாம். ராஜபுத்திரர்களிடம் ஏற்கெனவே இருந்த பெயரை, 1699இல் குரு கோவிந்த் சிங் கால்சா என்ற சீக்கியச் சமூகத்தை அமைத்தபோது சீக்கிய ஆண்கள் எல்லாருக்கும் பொதுவாக்கினார். சரண் சிங், வி.பி. சிங், மன்மோகன் சிங் என மூன்று பிரதமர்கள். மூவரும் மூன்று வெவ்வேறு சமூகம்.

இந்த இரண்டு பகுதியையும் சேர்த்துச் சொன்னால்: அரசுகள் கொடுத்த, பறித்த, விற்ற பெயர்கள் கோடிக்கணக்கில் பெருகின. அவற்றில் ரத்தத்தைவிட அரசியல் அதிகம்.

## பெயர்கள் தானாகவே சாகும்

யாரும் பறிக்காவிட்டாலும் பெயர்கள் குறைந்துகொண்டேதான் போகும். இதை முதலில் கணக்காகக் கேட்டுப் பிரபலமாக்கியவர் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன். பிரபுக் குடும்பங்கள் ஏன் அற்றுப்போகின்றன என்பது அவர் கவலை. 1873இல் ஒரு இதழில் கேள்வியாகப் போட்டார்; ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் கணிதம் போட்டு விடை அனுப்பினார். அதனால் கால்டன்–வாட்சன் கணக்கு என்று பெயர்.

எளிய வடிவம் இது. ஒரு தீவில் 100 ஆண்கள், 100 வெவ்வேறு குடும்பப் பெயர். பெயர் மகன் வழியாக மட்டும் போகும். ஒவ்வொரு வீட்டிலும் சரியாக இரண்டு பிள்ளைகள். இரண்டும் பெண்ணாகப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே முதல் தலைமுறையிலேயே சுமார் 25 பெயர்கள் போய்விடும். இரண்டாம் தலைமுறை முடிவில் 39, பிறகு 48, 55, ஐந்தாம் தலைமுறையில் 60. மக்கள்தொகை கொஞ்சமும் குறையவில்லை. அதே 100 ஆண்கள், ஆனால் மீதி இருப்பது 40 பெயர்தான். யாரும் சாமர்த்தியசாலியாக இருக்க வேண்டியதில்லை. வெறும் அதிர்ஷ்டம் போதும்.

சீனாவில் குடும்பப் பெயர் வழக்கம் 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அத்தனை தலைமுறை உதிர்ந்து உதிர்ந்து, இன்று முதல் 100 பெயர்களுக்குள் நாட்டின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. வாங், லீ, ஜாங் மூன்றும் ஒவ்வொன்றும் 9 கோடிக்கு மேல்.

## தாய்லாந்தில் எல்லாம் தலைகீழ்

தாய்லாந்தில் 1913இல்தான் குடும்பப் பெயர் சட்டம் வந்தது. ஒரு குடும்பம் எடுத்த பெயரை இன்னொரு குடும்பம் எடுக்கக்கூடாது என்பது விதி. மன்னர் ஆறாம் ராமா தானே ஆயிரக்கணக்கில் பெயர்களை உருவாக்கிக் கொடுத்தார். பெயர்கள் நீளமாக இருப்பதற்கும் இதுதான் காரணம். சின்னப் பெயர்களை எல்லாம் முந்தியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஒரே பெயர் என்றால் உறவு என்று தைரியமாகச் சொல்லலாம். பிரதமர்களாக இருந்த தக்சின் ஷினவத்ரா, யிங்லக் ஷினவத்ரா, பேதோங்தார்ன் ஷினவத்ரா மூவரும் அண்ணன், தங்கை, அண்ணனின் மகள்.

அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் அப்படிப்பட்ட பெயர். 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்திலிருந்து வந்த ஒரே குடியேறியின் வழித்தோன்றல்கள் அவர்கள். அதிபர்களாக இருந்த தியோடரும் பிராங்க்ளினும் தூரத்துச் சகோதர முறை. பிராங்க்ளினின் மனைவி எலினார் தியோடரின் தம்பி மகள், அதாவது கல்யாணத்துக்கு முன்பே ரூஸ்வெல்ட். ஆனால் ஜான்சன் என்று வந்தால் கதை மாறும். லிங்கன் சுடப்பட்டபின் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சனுக்கும், கென்னடி சுடப்பட்டபின் அதிபரான லிண்டன் ஜான்சனுக்கும் உறவில்லை.

## ஒரே எழுத்து, வேறு பெயர்

புரூஸ் லீயின் லீ சீனப் பெயர். சிங்கப்பூரின் லீ குவான் யூவுடையதும் அதே சீன எழுத்து. சாம்சங்கை நிறுவிய லீ பியுங் சுல்லின் பெயரும் அதே எழுத்துதான். ஆனால் கொரியர்கள் அதை "ஈ" என்றுதான் உச்சரிப்பார்கள். தென் கொரியாவின் முதல் அதிபர் சிங்மன் ரீயும் அதே பெயர்க்காரர், ஆங்கிலத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டார். பிரெட் லீயின் லீ இதில் எதிலும் சேராது. அது காட்டை வெட்டித் திருத்திய வெளியைக் குறிக்கும் பழைய ஆங்கில இடப்பெயர். ஒரே எழுத்தில் எழுதியும் வேறு, வேறு எழுத்தில் எழுதியும் ஒன்று.

## நம் கதை

நம்மிடம் சிக்கல் எதிர்ப்பக்கம். 1930இல் இயற்பியல் நோபல் பெற்ற சி.வி. ராமனும், 1983இல் அதே பரிசைப் பெற்ற எஸ். சந்திரசேகரும் சித்தப்பாவும் அண்ணன் மகனும். வெளிநாட்டு அட்டவணையில் பார்த்தால் சம்பந்தமே தெரியாது. ஆனால் ராமனின் இன்ஷியலில் இருக்கும் 'சி' அவருடைய அப்பா சந்திரசேகரன். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கப்படி அதே பெயர் சந்திரசேகருக்கு வந்தது. பெயர் குடும்பத்துக்குள் தொடர்ந்தது, ஒரு தலைமுறை தாண்டிக் குதித்து.

விஸ்வநாதன் ஆனந்தில் விஸ்வநாதன் அப்பா. செஸ் வீரர்களான பிரக்ஞானந்தாவுக்கும் வைஷாலிக்கும் பொதுவாக இருக்கும் ரமேஷ்பாபு அவர்களுடைய அப்பா. இங்கே ஒரே பெயர் உடன்பிறப்பைக் காட்டும், ஆனால் தாத்தாவைக் காட்டாது.

வெளிநாட்டில் குடியேறும் தமிழர்களிடம் இது இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. விசா படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் போகிறது. அங்கே பிறக்கும் பிள்ளைக்கும் அதுவே போகிறது, அதன் பிள்ளைக்கும் போகிறது. வேல்ஸில் ஜானுக்கு நடந்தது கிருஷ்ணனுக்கு நடக்கிறது. கும்பகோணத்து கிருஷ்ணனின் கொள்ளுப்பேரனும் யாழ்ப்பாணத்து கிருஷ்ணனின் கொள்ளுப்பேத்தியும் டொரண்டோவில் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால், ரெண்டு பேரும் சொந்தமா என்று டீச்சர் கேட்கத்தான் போகிறார்.